நடேச பிள்ளை எழுதாமல் விட்டது

செய்தி பஸ்ஸில் வந்தது. பெரம்பலூரிலிருந்து வந்து அரியலூர்க் கடைத்தெருவில் நின்ற பஸ்ஸின் கண்டக்டர், பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். "சார், ரிஜிஸ்தர் ஆபீஸ் பிள்ளை தவறிட்டாருங்க" என்றார்.

நான் உடனே நம்பவில்லை. "யாரு சொன்னா? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"வாசல்ல பந்தல் போட்டிருக்கு சார். சங்கு ஊதுறாங்க."

"அவரு வூடுதானா? பக்கத்து வூடு இல்லையே?"

கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கேட்டு முடித்த பிறகுதான் இந்தக் கேள்விகள் என்னுடையவை அல்ல என்று எனக்கு உறைத்தது. இப்படிக் கேட்கிறவர் எங்கள் பக்கத்தில் ஒருவர்தான் உண்டு. அவர்தான் இறந்துபோயிருந்தார்.

நடேச பிள்ளையை ரிஜிஸ்தர் ஆபீஸ் குமாஸ்தாவாகச் சிலருக்குத் தெரியும். சங்கீதப் பத்திரிகையில் இசைத்தட்டுகளைப் பற்றி எழுதியவராகச் சிலருக்குத் தெரியும். எதையும் லேசில் நம்பமாட்டார் என்று இரு சாராரும் சொல்வார்கள். பத்திரிகை படித்தவர்கள் கூடுதலாக இன்னொன்றும் சொல்வார்கள்: கடைசியில் அவரும் இசைத்தட்டுக் கம்பெனிக்காரனுக்கு விலை போய்விட்டார் என்று. அந்தப் பேச்சுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். திருச்சியிலிருந்து வெளிவந்த ஒரு சங்கீத மாதப் பத்திரிகை, வெளியூர் ரசிகர்கள் இப்போது எந்தத் தட்டுகளைக் கேட்டு மகிழ்கிறார்கள் என்று எழுதுவதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியது. எங்கள் பக்கத்திலிருந்து மூன்று பேர் எழுதினோம். நான், நடேச பிள்ளை, பெரம்பலூரில் இரும்புக்கடை வைத்திருக்கும் காதர் பாய். பாய் மலாயாவிலிருந்து திரும்பும்போது ஒரு கிராமபோனும் பெட்டி நிறையத் தட்டுகளும் கொண்டுவந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கு மேலே உள்ள அறையில் கூடுவோம். பெட்ரோல் பஞ்சத்தில் கரியைப் போட்டு ஓட்டிய பஸ் வழியில் நின்று போகாமல் இருந்தால் நானும் சமயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

அப்போது ஊசி கிடைக்காது. பாய் கருவேல முள்ளைச் சீவி ஊசிக்குப் பதிலாகச் செருகுவார். சத்தம் பஞ்சு மாதிரி மெத்தென்று வரும். எனக்குப் பிடிக்கும். பிள்ளைக்குப் பிடிக்காது.

"முள்ளு எல்லாத்தையும் நல்லதாவே சொல்லும் பாய். இரும்பு ஊசியப் போடுங்க. உண்மை தெரியட்டும்" என்பார். சட்டைப் பையில் தீப்பெட்டிக்குள் ஊசி ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பார்.

காதர் பாய்க்கு எந்தத் தட்டைப் போட்டாலும் கண் கலங்கும். "மாஷா அல்லா" என்று மார்பில் கைவைத்துக்கொள்வார். பிள்ளை மட்டும் கழுத்தைச் சாய்த்து, முகத்தைச் சுளித்து உட்கார்ந்திருப்பார். "இவரு பாட்டு கேக்குறாரா, சாட்சி விசாரிக்கிறாரா?" என்று பாய் என்னிடம் கேட்பார்.

விசாரணை அவருடைய தொழிலில் வந்த பழக்கம். ஒரு சமயம் ரஞ்சன்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் நிலத்தைக் கிரயம் செய்துகொடுக்க வந்தார். பத்திரம் சரி, சாட்சிகள் சரி. கைநாட்டு வைக்கப் போகும்போது பிள்ளை எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்று, பத்திரத்தில் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வந்தவர் திரும்பவில்லை. பக்கத்தில் நின்றவர் விலாவில் இடித்த பிறகுதான் திரும்பினார். விசாரித்ததில், நிலம் அண்ணனுடையது, வந்திருந்தவர் தம்பி என்று தெரிந்தது. "பேரு சொந்தமா இருந்தா கழுத்து தானா திரும்பும்" என்று பிள்ளை எங்களுக்குச் சொன்னார். பத்திரிகையிலும் அதே குணத்தோடுதான் எழுதுவார். 'இம்மாதம் இந்தத் தட்டைக் கேட்டேன். நன்றாக இருக்கிறது. ஏன் நன்றாக இருக்கிறது என்பது விளங்கவில்லை. விளங்கும்வரை சிபாரிசு செய்வதற்கில்லை.' இப்படி எழுதினால் யார் படிப்பார்கள் என்று நான் நினைத்தேன். ஆனால் வாலிகண்டபுரத்திலிருந்து ஒரு ரசிகர் ஆபீசுக்கே வந்து, பிள்ளை சந்தேகமில்லை என்று எழுதினால்தான் தட்டு வாங்குவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்தச் சமயத்தில்தான் திருமழபாடி ஞானாம்பாளின் புதுத் தட்டு வந்தது. எங்கள் சீமையில் அந்த அம்மாளின் குரலை அறியாதவர் குறைவு. தட்டு செய்யும் அரக்குக்குப் பஞ்சம் வந்து, பழைய தட்டுகளைக் கொடுத்தால்தான் புதுத் தட்டு என்று கடைக்காரர்கள் கெடுபிடி செய்த காலம் அது. பாய் தம்மிடமிருந்த தட்டுகளில் சிலவற்றைப் பிரிய மனமில்லாமல் கொடுத்து இதை வாங்கியிருந்தார். முதல் பக்கம் கல்யாணி. மூவரும் தலையாட்டினோம். திருப்பிப் போட்டால் முகாரி. பாய் அழுதேவிட்டார்.

பிள்ளை மறுபடி போடச் சொன்னார். இன்னும் ஒரு தடவை கேட்டார். முள்ளை எடுக்கச் சொல்லித் தம்முடைய ஊசியைக் கொடுத்தார். பிறகு, "இது ஞானாம்பா இல்ல" என்றார்.

"என்னங்க சொல்றீங்க? லேபிள்ல பேரு போட்டிருக்கே!" என்றார் பாய்.

"பேரு பத்திரத்துலயுந்தான் போட்டிருக்கும். அந்தம்மா மூச்சு எடுக்கிறது நம்ம காதுக்குத் தெரியாது. இவங்க எடுக்கிறது தெரியுது. இன்னும் கேளுங்க. அந்தம்மா 'ழ' சொன்னா நாக்கு மடங்குறது கேக்கும். இங்க வெறும் 'ள'தான் வருது. வேற ஆளு."

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பாய்க்கோ கோபம். தாம் அழுத அழுகையைப் பொய் என்று சொன்னதுபோல அவருக்கு ஆகிவிட்டது. பிள்ளை விடவில்லை. அந்த மாதப் பக்கத்தில், 'இரண்டாம் பக்கத்தில் பாடியிருப்பவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. விசாரித்து அடுத்த மாதம் எழுதுகிறேன்' என்று எழுதினார். பத்திரிகை அதைக் கட்டம் கட்டிப் போட்டது. திருச்சிக் கடைக்காரர்கள் கொதித்தார்கள். போட்டிக் கம்பெனிக்காரன் தூண்டிவிட்டு எழுதுகிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அடுத்த மாதம் என்ன வருகிறது பார்க்கலாம் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

விசாரிக்கத் திருமழபாடிக்கே போவது என்று பிள்ளை முடிவு செய்தார். அரியலூருக்கு வந்து என்னையும் கூட்டிக்கொண்டார். "ஒத்தையாப் போனா, நானே கதை கட்டுறேன்னு சொல்லுவாங்க. சாட்சி வேணும்" என்றார். பஸ்ஸிலும் மாட்டுவண்டியிலுமாகப் போய்ச் சேர்ந்தோம்.

கோயிலுக்குப் பக்கத்தில் சிறிய ஓட்டு வீடு. ஞானாம்பாள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலிலும் கழுத்தில் துணி சுற்றியிருந்தது. பிள்ளை கைகூப்பி, "அம்மா, நான் பெரம்பலூர் நடேசன். பத்திரிகைல எழுதுனது நான்தான்" என்றார்.

"வருவீங்கன்னு தெரியும். உக்காருங்க." குரல் கரகரத்து, பாதி காற்றாக வந்தது.

"அந்த ரெண்டாம் பக்கத்துப் பாட்டக் கொஞ்சம் பாடிக் காட்டணும்."

நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அம்மாள் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் மறுக்கவில்லை. சுருதிகூட இல்லாமல், தொடையில் தாளம் போட்டபடி முகாரியை எடுத்தார். பல்லவி எப்படியோ கடந்தது. உடைந்த குரல்தான். ஆனாலும் அது யாருடைய குரல் என்பதில் ஐயமில்லை. அனுபல்லவிக்கு ஏறும் இடத்தில் குரல் நின்றுவிட்டது. வாய் திறந்திருந்தது, காற்று மட்டும் வந்தது. கை தாளத்தை விடவில்லை.

அப்போது உள்ளறையிலிருந்து இன்னொரு குரல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஓர் எண்ணிக்கைகூடத் தவறவில்லை. பாடியவர் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்தே பாட்டை ஏற்றி, நிரவி, இறக்கி முடித்தார். தங்கையின் பாட்டுக்கு அக்காவின் கை கடைசிவரை தாளம் போட்டது.

முடிந்ததும் தங்கை சொர்ணம் வெளியே வந்தார். வெள்ளைப் புடவை. அழவில்லை. "அக்காவுக்குத் தொண்டையில கட்டிங்க. கல்யாணியப் பாடிட்டாங்க. அடுத்த பக்கத்துக்குக் குரல் வரல. நான் பாடுனேன்" என்றார். பிறகு, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த தம் மகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவரு போனப்புறம் எம் மாமனாரு சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் புள்ளைய எங்கூட அனுப்புனாரு. நான் எங்கயும் பாடக் கூடாது. பாடுனது தெரிஞ்சா வந்து புள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

ஞானாம்பாள் பிள்ளையைப் பார்த்து, "உங்க மேல தப்பு இல்ல. உள்ளதத்தான் கண்டுபுடிச்சிருக்கீங்க. எழுதுறதுன்னா எழுதிக்குங்க" என்றார்.

பிள்ளை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "எனக்குச் சந்தேகம் தீந்துடுச்சும்மா. தீந்து போன சந்தேகத்த நான் எழுதறதில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

திரும்பும் வழியில், காதர் பாயிடம் மட்டுமாவது சொல்லிவிடலாம் என்றேன். "கூடாது. பாய் ரொம்ப நல்லவரு. சந்தோஷத்துல யார்கிட்டயாவது சொல்லிடுவாரு" என்றார்.

"என்னை மட்டும் நம்புறீங்களா?"

"எங்க நம்புறேன்? கூட வந்துட்டீங்க. இனி என்ன பண்றது?"

அடுத்த மாதம் அவர் எழுதியது இவ்வளவுதான்: 'சென்ற மாதம் குறிப்பிட்ட தட்டின் இரண்டாம் பக்கத்தைத் திரும்பக் கேட்டேன். பாட்டு மிக உயர்வானது. வாங்கிக் கேட்கலாம்.' சந்தேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதில் பொய்யும் இல்லை. ஆனால் படித்தவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. போதாத வேளை, அதே சமயத்தில் அவருடைய மைத்துனர் வேலை மாற்றலாகி வடக்கே போகும்போது தம் கிராமபோனை இவரிடம் விட்டுப் போனார். பெட்டி வண்டியிலிருந்து இறங்கியதைத் தெருவே பார்த்தது. கம்பெனி கொடுத்தது என்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

காதர் பாய் நேராகவே கேட்டார். "நான் ஊரு பேச்ச நம்பல பிள்ளை. நீங்க வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுங்க. அன்னிக்கி அவங்க இல்லவே இல்லன்னு சத்தம் போட்டீங்களே, இப்ப என்ன ஆச்சு?"

"மறுபடி கேட்டேன் பாய். நல்லாருக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பாய் கிராமபோனின் மூடியைச் சாத்தினார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மாடியில் நாங்கள் கூடவில்லை. பத்திரிகையும் காரணம் சொல்லாமல் பிள்ளையின் குறிப்புகளை நிறுத்திக்கொண்டது. ஒரு நாள் பெரம்பலூர்க் கடைத்தெருவில் ஒருவர், "இப்ப எந்தக் கம்பெனிங்க பிள்ளை?" என்று நாலு பேர் கேட்கச் சத்தமாகக் கேட்டார். நான் பதில் சொல்லத் திரும்பினேன். பிள்ளை குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தார். "சந்தேகப்படட்டும் சார். நான் பண்ணாததா?" என்றார்.

பிறகு அவர் என் வீட்டுக்கு வந்துதான் பாட்டுக் கேட்டார். வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் மெதுவாக, "சொல்லிடலையே?" என்று கேட்பார். இல்லையென்று நான் சொன்னதை ஒரு தடவையாவது நம்பினாரா என்பது எனக்குத் தெரியாது. ஞானாம்பாள் பெயரில் சொர்ணம் பாடிய தட்டுகள் பின்னாலும் வந்தன. அவற்றைக் கேட்கும்போது பிள்ளை முகத்தைச் சுளிப்பதில்லை. "இந்தப் பொண்ணு இன்னும் மூச்ச மிச்சம் புடிக்குது. செலவழிக்கலாம்" என்று மட்டும் ஒரு நாள் சொன்னார்.

கடைசி நாட்களில் மருந்தைக்கூட அவர் சும்மா குடிக்கவில்லை. போன தடவை கொடுத்ததும் இதுவும் ஒரே நிறமா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். அவருடைய மனைவி அழுகைக்கு நடுவே இதைச் சொல்லிச் சிரித்தார்.

கருமாதியன்று சொர்ணம் வந்திருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னால் எல்லாவற்றையும் சொன்னார். "மாமனாரு போயிட்டாருங்க. கொழுந்தனாரே கோயில் கச்சேரிக்கு வந்து நான் பாடுனத உக்காந்து கேட்டுட்டுப் போனாரு. இனிமே ஒரு பயமும் இல்லன்னு பிள்ளைகிட்ட நேர்ல வந்து சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு." பிறகு என்னிடம் வந்து, "எழுதுங்க சார். எம் பேரப் போட்டே எழுதுங்க. அக்காவும் சொல்லி அனுப்பிச்சாங்க" என்றார்.

பிள்ளையின் மனைவிக்கு அதுவரை எதுவும் தெரியாது. "என்னையுமா நம்பல இந்த மனுஷன்?" என்று கேட்டுவிட்டு, சொர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

காதர் பாய், பிள்ளை தவறிய அன்று நீங்கள் வாசல்வரை வந்து மாலையைக் கொடுத்துவிட்டு உள்ளே வராமல் திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். பிள்ளையிடம் நீங்கள் நேராகக் கேட்டதற்குப் பதில் இதுதான். உங்களை அழவைத்த பாட்டில் பொய் இல்லை. பாடியவர் பெயர் சொர்ணம்.

பிள்ளையிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று. திருமழபாடியில் அந்த வீட்டை விட்டு வந்ததும், வண்டி வருவதற்குள் கால் நனைக்கக் கொள்ளிடத்தில் இறங்கினோம். என்னை விட்டுக் கொஞ்ச தூரம் தள்ளிப்போய் மணலில் நின்று, அவர் ஏதோ முணுமுணுத்தார். காற்று என் பக்கமாக அடித்தது. அக்காவின் குரல் நின்று தங்கையின் குரல் எடுத்துக்கொண்ட அந்த இடத்தைத்தான் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பாட வராது. சுருதி எங்கேயோ போயிற்று. திரும்ப ஆரம்பித்தார், திரும்பத் திரும்ப ஆரம்பித்தார். வண்டிக்காரர் கரையிலிருந்து குரல் கொடுத்தும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.