வானொலியின் அறையை இடித்த நாள்

நஜ்ஜூமாவைக் கவனக்குறைவானவள் என்று எவனாவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கம்பாலாவில், வாண்டெகேயாச் சந்தை அருகே மூன்றாவது மாடியில், ஒரே சர்வர் கணினியில் பதினொரு வாடிக்கையாளர்களின் நிரல்களுக்கும் பதிவுகளுக்கும் இடம் கொடுத்தோம். தொலைபேசி என் வேலை, சர்வர் அவளுடையது. அதற்குள் ஆளுக்கொரு தனி அறையாகக் கட்டியிருந்தாள். உள்ளே ஓடும் நிரலுக்கு அந்த அறைதான் உலகம். பக்கத்தில் இன்னோர் அறை இருப்பதே அதற்குத் தெரியாது. ஓர் அறையில் திருடன் புகுந்தாலும் மற்ற பத்தும் பிழைக்கும்.

முதலாளி செகித்தோவுக்கு இதெல்லாம் வெட்டி வேலை. எங்கள் வாடிக்கையாளரான ஒரு வானொலி, இன்னொரு வாடிக்கையாளரான மருத்துவமனையின் தடுப்பூசி நாட்களை அறிவிக்க விரும்பியது. அவரே உட்கார்ந்து மருத்துவமனையின் கோப்புறையை வானொலியின் அறைக்குள் இணைத்துவிட்டார். நகலை அல்ல, அசலை.

“பாஸ், தேதி மட்டும்தானே வேணும்? தினமும் நானே நகலெடுத்துப் போடறேன். இப்படி வழி விட்டா, அங்க கை வெச்சா இங்க போயிடும்,” என்றாள் நஜ்ஜூமா.

“உனக்கு எதைக் கண்டாலும் பூட்டு போடணும். உன் வீட்டுக்காரன் பாவம்மா.”

சர்வருக்குள் நுழைய எல்லாருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அதுவும் அவர் உத்தரவுதான். அவள் ஓர் அட்டையில் எழுதிச் சர்வர் மேல் ஒட்டினாள்: ‘அறையை இடிக்கும் முன் இணைப்பைக் கழற்று.’

ஜூனில் வானொலி எங்களை விட்டு விலகியது; அதன் அறையை இடிக்க வேண்டும். தங்கையைப் பெண் கேட்டு வரும் சடங்குக்காக நஜ்ஜூமா மசாக்கா நகருக்குப் போயிருந்தாள். செகித்தோ ஒரு கையில் முட்டை சுருட்டிய சப்பாத்தியோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பாஸ், நஜ்ஜூமா அக்கா வந்துடட்டுமே.”

“நீ போனை எடு, முகாசா. ஒரு வரி அடிக்கிறதுக்கு அவ அரை நாள் எடுப்பா.”

அட்டை அவர் மூக்குக்கு நேரேதான் இருந்தது. அடித்தார். வானொலியின் அறை போனது. கழற்றாத இணைப்பு வழியே மருத்துவமனையின் பதிவுகளும் போயின. வட்டு நிறைகிறது என்று காப்பு நகலைப் போன மாதமே நிறுத்தச் சொன்ன மகானும் இவர்தான்.

அரை மணி நேரத்தில் மருத்துவமனையிலிருந்து நர்ஸ் அச்சேங் கூப்பிட்டாள். “தம்பி, எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி போட்டோம்னு ஒண்ணுமே காட்டல. வாசல்ல நாப்பது பேர் நிக்கிறாங்க.”

திங்கட்கிழமை ஒரு பணிநீக்கக் கடிதம் தயாராக இருந்தது. நஜ்ஜூமா மசாக்காவிலிருந்தே சர்வருக்குள் நுழைந்து, கவனக்குறைவால் அழித்தாளாம். சர்வரின் பதிவேட்டிலோ எல்லாருக்குமான அந்தப் பொதுப் பெயர் மட்டும். அடித்த விரலைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

“சாட்சிக் கையெழுத்து போடு. இல்லேன்னா நீயும் கெளம்பு.”

போட்டேன். பயம், வேறென்ன.

ஊரிலிருந்து திரும்பிய நஜ்ஜூமா கடிதத்தைப் படித்தாள். செகித்தோவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“நீ பக்கத்துலதானே இருந்த, முகாசா?”

நான் மேசையைப் பார்த்தேன்.

“அந்தப் பிள்ளைங்களோட அம்மாங்ககிட்ட ஊசி அட்டை இருக்கும். அதைப் பார்த்துப் பதிவுகளைத் திரும்ப ஏத்தச் சொல்லு. அதுக்காவது வாயைத் தொற.”

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் வேலை கேட்கும் இடங்களிலிருந்தெல்லாம் இங்கேதான் போன் போட்டு விசாரிக்கிறார்கள். அவளை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்கிறார்கள். எதிர் மேசையில் செகித்தோ காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“கவனக்குறைவுங்க,” என்கிறேன் நான்.