செக்யூரிட்டியில் ஓட்டை

கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் வேலை பார்த்த காலம். ஊரில் ஒவ்வொரு ஹோட்டலாக வெப்சைட் தொடங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் சுற்றுலா வந்த ஒருவருக்கு அறை பதிந்து கொடுக்கும்போது, திரையில் மேலே தெரியும் வெப்சைட் முகவரியின் கடைசியில் இருந்த எண்ணைக் கைதவறி மாற்றிவிட்டேன். யாரோ ஒரு தேனிலவுத் தம்பதியின் பதிவு திறந்துகொண்டது. போன் நம்பரிலிருந்து கட்டிலில் ரோஜாப்பூ தூவ வேண்டும் என்பதுவரை எல்லாம் தெரிந்தது. திருத்தவும் வழி இருந்தது. பதறிப்போய் மூடிவிட்டு, நேரே அந்த ஹோட்டலுக்குப் போனேன்.

"சார், உங்க செக்யூரிட்டியில ஓட்டை இருக்குங்க" என்றேன் மேனேஜரிடம்.

அவர் உடனே வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். வாட்ச்மேன் ஓடிவந்து சல்யூட் அடித்தார். மேனேஜர் அவரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"ஆமா, முழங்கையில கெடக்கு. ஏன்யா, இந்த ஸ்வெட்டரையா போட்டு நிப்ப?"

"எலி கடிச்சிருச்சுங்க" என்ற வாட்ச்மேன் என்னை முறைத்தார்.

"அவரு இல்லைங்க, உங்க வெப்சைட்டு!"

விளக்கிச் சொல்லியும் மேனேஜர் நம்பவில்லை. "எங்க, செஞ்சு காட்டும்மா பாப்போம்" என்று தன் பெயரிலேயே ஓர் அறையும் ஒரு ஆளுக்கு மதியச் சாப்பாடும் பதிந்தார். நான் பக்கத்துக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து ஒன்றை நாற்பதாக்கினேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. வெப்சைட் செய்து கொடுத்த மதுரைக்காரர்களைப் போனில் பிடித்து, சரிசெய்யும்வரை விடவில்லை. நானும் பக்கத்தில் நின்று, என்ன சொல்ல வேண்டும் என்று எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மதியம் ஆகிவிட்டது.

அப்போது சமையல்காரர் வியர்த்து வழிய வந்து நின்றார். "எல்லாம் ரெடிங்க. அந்த நாப்பது பேரு எப்ப வர்றாக?"

பதிவு மாறினால் சமையலறைப் பிரிண்டரில் தாள் வந்து விழும் என்பதை மேனேஜர் மறந்தே போயிருந்தார். தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு, "கண்டுபிடிச்சுச் சொன்னதுக்கு உனக்கு என்னத்தையாச்சும் செய்யணும்னு நெனச்சேம்மா. சாப்பிட ஆளு இருக்காகளா?" என்றார்.

என் கணவர் டாக்ஸி ஓட்டுபவர். ஸ்டாண்டுக்குப் போன் போட்டேன். "வெரசா வாங்க. அங்க இருக்குற எல்லாரையும் கூட்டிட்டு வாங்க!"

விபத்து என்று நினைத்துக் கயிறும் ஜாக்கியுமாக மொத்த ஸ்டாண்டும் வந்து இறங்கியது. "எந்தப் பள்ளத்துலம்மா?" என்று கேட்டவர்களை வெள்ளைத்துணி விரித்த மேசைகளில் உட்காரவைத்து, சூப் பரிமாறினார்கள்.

ஐஸ்கிரீம் வரும்போது டிரைவர் ஒருவர் என்னிடம் குனிந்து, "மதினி, வேற ஹோட்டல்லயும் ஓட்டை இருக்கான்னு பாருங்க" என்றார்.

பார்த்தேன். இரண்டில் இருந்தது. ஒன்றில் டீ கொடுத்தார்கள். இன்னொன்றில் போலீஸைக் கூப்பிடுவோம் என்றார்கள்.