அப்பாவுக்கு அளவெடுத்த சைக்கிள்

கடையில் விற்கும் எந்த சைக்கிளும் அப்பாவுக்குப் பொருந்தாது. சீட்டை எவ்வளவு உயர்த்தினாலும் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். கை, கால், விரல் எல்லாம் ஒல்லியாக நீண்டவை. மயிலாப்பூரிலிருந்து அடையாறு அச்சகத்துக்கு பஸ்ஸில் கூனி நின்றபடியே போய்வந்தார்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை, ஆகவே 1971. ராயப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த பாயிடம் என்னையும் அழைத்துப் போனார். இரண்டு பழைய ஃபிரேம்களை அறுத்து ஒன்றாகப் பற்றவைத்துத் தர பாய் ஒப்புக்கொண்டார். அப்பாவைச் சுவரோரம் நிறுத்தி நூலால் அளந்து, ஒவ்வோர் அளவுக்கும் ஒரு முடிச்சுப் போட்டார்.

"இன்னா சார், நூல்கண்டே தீந்துடும் போல கீதே. காலு இடுப்புல ஆரம்பிக்குதா, கழுத்துலயா?"

"கழுத்துலதான் பாய். அதான் சாப்பிடறது எதுவும் வயித்துல தங்க மாட்டேங்குது."

பாய் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இவனும் உங்க அளவுதான் வருவான் சார். வெரலப் பாரு."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பெருமையாக இதைச் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள்.

புது சைக்கிளில் அப்பா வரும்போது காம்பவுண்டுச் சுவருக்கு மேல் அவர் தலை மட்டும் மிதந்து வரும். "ஒட்டகம் வருதுடா" என்று தெருப் பையன்கள் கத்துவார்கள். அவர் மணியடித்துச் சிரிப்பார்.

இரண்டு ஆண்டுகள் ஓட்டினார். ஐப்பசி மழையில் ஒரு காலை, அச்சகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை. நாற்பது நிறையவில்லை. தாத்தாவும் அதே வாகு, அதே வயதில் அப்படியே போனார் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நின்றது. எனக்குத்தான் அது என்று நான் முடிவுசெய்திருந்தேன். மாதம் ஒருமுறை ஏறிப் பார்ப்பேன், பெடல் எட்டாது. பத்தாம் வகுப்பில் ஒரு மாலை எட்டியது.

"அம்மா, வந்து பாரேன். எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு."

சமையலறை வாசலில் நின்று அம்மா என் கால்களையே பார்த்தாள். "இறங்குடா" என்றாள்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது படிக்குக் கீழே இடம் காலியாக இருந்தது. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாளாம்.

"அப்பா சைக்கிள்மா அது" என்றேன்.

அம்மா வளர்த்திக்காக உள்ளே மடித்துத் தைத்திருந்த என் பள்ளிக்கூடப் பேன்ட்டின் கடைசி மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் துணியில் சொட்டியது. மறுபடியும் புதுத் துணி எடுக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் அழுகிறாள் என்று நான் நினைத்தேன்.