தைத்து மூடிய பாக்கெட்

இன்று காலை சிம்பாங் அம்பாட்டில் பஸ் ஏறும்போது, புதுப் பேஜரை, மாட்டியிருந்த சிலுவாரின் பாக்கெட்டில் போடப் பார்த்தேன். கை உள்ளே போகவில்லை. இரண்டு பாக்கெட்டையும் யாரோ நெருக்கமாகத் தைத்து மூடியிருந்தார்கள்.

யாரோ என்ன, என் மனைவிதான்.

போன வாரம் என் பேஜர் வாஷிங் மெஷினில் போய்ச் செத்தது. இந்த வருஷத்தில் இது இரண்டாவது. "துணி போடுறதுக்கு முன்னால பாக்கெட்ட பார்க்க மாட்டியா?" என்று கத்தினேன். அவளும் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள்.

ஆபீஸ் வந்ததும் வீட்டுக்குப் போன் அடித்துக் கேட்டேன்.

"பாக்கெட்டு இருந்தாத்தானே நான் பார்க்கணும்? இனிமே பார்க்க வேணாம் லா," என்றாள். குரலில் கோபமே இல்லை.

நாள் முழுக்கப் பேஜரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். பேனா, சில்லறை, பஸ் டிக்கெட் என்று நான் மறந்ததையெல்லாம் துவைக்குமுன் எடுத்து மேசையில் வைத்தது அவள் கைதான். அந்தக் கை தவறிய இரண்டு நாள் மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இந்த மின்னஞ்சல் குழுவின் அண்ணன்மார்களே, உங்கள் வீட்டில் பாக்கெட் பார்ப்பது யார்? பதிலை அண்ணிமார்களே எழுதட்டும்.