எல்ஓடி நன்றாகத்தான் இருந்தது

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் புகழ்ந்து எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் கோபமாகவே வருகிறது. தம்பிதானே என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மானாம்பதியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். காஞ்சிபுரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தார். உத்திரமேரூருக்கு வாழ்க்கைப்பட்டு, மாமாவோடு சேர்ந்து டிவி, மானிட்டர் ரிப்பேர் கடை நடத்தினார். வாடிக்கையாளர்களிடம் கறாராகப் பேசுவார், டீயும் வாங்கிக் கொடுப்பார். மாமா திடீரென்று காலமானபோது மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். கடையைக் காலி செய்ய வேண்டி வந்தது. அந்த ஊர் அரிசி ஆலை முதலாளிதான் தம் ஆலைக் கேட்டை ஒட்டிய அறையைக் கடை வைத்துக்கொள்ளச் சும்மாவே கொடுத்தார். பதிலுக்கு அக்கா ஒரு வாக்குக் கொடுத்தார். அரிசியிலிருந்து கறுப்பு மணிகளைப் பிரிக்கும் ஆலை மெஷின் ஓடும்வரை, அதன் மானிட்டரைத் தானே பார்த்துக்கொள்வதாக.

அதோடு மாட்டிக்கொண்டார். அது வெளிநாட்டில் ஓடித் தேய்ந்து இங்கே வந்த மெஷின். அதற்குள்ளேயே பொருத்திய பழைய டப்பா மானிட்டரைத் தவிர வேறு எதையும் அது ஏற்காது. மானிட்டருக்கு உயிர் எல்ஓடி. படக்குழாய்க்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுக்கிற, கைக்குள் அடங்கும் டிரான்ஸ்பார்மர். அந்த ரகம் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. அது போனால் மெஷினும் போகும், அக்காவும் கல்யாணமாகி ஓசூரில் இருக்கும் மகளோடு போய் இருக்கலாம். பேத்தி பிறந்ததிலிருந்து அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லை. குழந்தையை போனில் கொஞ்சிவிட்டு, அந்த ஜன்னல் இல்லாத அறைக்குத் திரும்புவார். உமித் தூசியும் ஆலைச் சத்தமும். இருமல் வேறு.

அவர் காலமாவதற்கு முந்தைய அறுவடையில் திரை இருண்டது. நானும் உடன் இருந்தேன். உள்ளே ஒரு டிரான்சிஸ்டர் எரிந்திருந்தது. மற்ற கடைகளில் உடனே எல்ஓடி போச்சு என்று கைவிரித்துவிடுவார்கள். அக்கா டிரான்சிஸ்டரை மாற்றி, கரண்டை நூறு வாட் பல்பு வழியாக விட்டார். எல்ஓடி உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும். நன்றாக இருந்தால் ஒருமுறை மின்னி மங்கிவிடும். எரியட்டும், எரியட்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டினேன். அக்காவும் வேண்டினார் என்றே நினைக்கிறேன். முந்தானையை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தார்.

பல்பு மின்னி மங்கியது.

"எல்ஓடி நல்லாத்தான்டா கீது."

"போச்சுன்னு சொல்லிடுக்கா. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுது இல்ல? நல்லாக் கீறதப் போய் எப்பிடிடா போச்சுன்னு சொல்றது?"

"அப்போ பேத்தி?"

அக்கா மானிட்டர் போர்டைத் திருப்பிப் பார்த்தார். கோளாறு வேறு இடத்தில், விரிசல் விட்ட ஒரு சால்டர் பற்றவைப்பில் இருந்தது. அதையும் சரிசெய்தார். திரை வந்தது. முதலாளி ஓடிவந்து, "நீ கீற வரைக்கும் எனக்கு இன்னாம்மா பேஜாரு!" என்று சிரித்தார். நல்ல மனிதர்தான். அக்காவும் சிரித்தார். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

தை மாதம் இருமல் முற்றி, செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மகள் ஓடிவந்தாள்.

"கொயந்தையக் கூட்டிக்கினு வரல?"

"ஆஸ்பத்திரிக்கு எப்பிடிம்மா? நீ வூட்டுக்கு வா, கூட்டிக்கினு வரேன்."

அக்கா வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் இறைவனடி சேர்ந்தார்.

கருமாதி முடிந்த கொஞ்ச நாளில் திரை மறுபடி இருண்டது. முதலாளி வெளியூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "எல்ஓடி அவுட்டு சார். தூக்கிக் கடாசுங்க," என்றார். முதலாளி மறுபேச்சுப் பேசவில்லை. அந்த வாரமே புது மெஷின் வந்து இறங்கியது.

அக்காவை மருத்துவமனையில் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும், காரியத்துக்கு அரிசி அனுப்பிய முதலாளிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் தெரியாத அந்த மெக்கானிக்குக்கும் நன்றி. நீங்கள் ஒரு வருடம் முன்னால் வந்திருக்கலாம் ஐயா.