பகலில் சிவப்புக் கண்ணாடி போட்ட டாக்டர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், என் வீட்டுக்காரருக்கு மலம் தார் மாதிரி கறுத்துப் போனது. நடந்தால் விழுந்தார். உள்ளே ரத்தம் கசிகிறது, இடம் தெரிந்தால்தான் அறுக்க முடியும் என்று ஊர் ஆஸ்பத்திரியில் சொல்லி, தென்காசிக்கு எக்ஸ்ரே பார்க்க அனுப்பினார்கள்.

அங்கே டாக்டர் சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குத்தாலத்துக்குச் சீசனுக்கு வந்தீரா? இங்கன ஒரு உசிரு போவுது!"

டாக்டர் எழுந்து வீட்டுக்காரரை இருட்டறைக்குள் கூட்டிப்போனார். பொறுக்காமல் கதவைத் தள்ளித் திறந்தேன். வெளிச்சம் உள்ளே பாய்ந்தது.

"கெடுத்துட்டியளே! கண்ணு இருட்டுக்குப் பழகினாத்தான் திரையில படம் தெரியும். அதுக்குத்தான் வெளிச்சத்துல இந்தச் சிவப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். இனி இன்னும் இருபது நிமிஷம் ஆகும். நீங்களும் உக்காருங்க."

இருட்டில் வீட்டுக்காரரின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு திரையில் பச்சையாக விலா எலும்பு தெரிந்தது. படத்தில் தெரிவதற்காக வீட்டுக்காரருக்குக் குடிக்கக் கொடுத்த வெள்ளை மருந்து வயிற்றுக்குள் இறங்கி, ஒரு சிறு குழியில் தேங்கியது.

"அந்தா நிக்குல்லா, அதுதான் புண்ணு."

பயம் மறந்து எட்டிப் பார்த்தேன். பத்து வருஷம் சோறு போட்ட வயிற்றை அன்றுதான் பார்த்தேன்.

அறுத்துத் தைத்தார்கள், பிழைத்தார். ஆனால் அந்த இருபது நிமிஷத்தில் அவர் செத்திருந்தால், டாக்டர்தான் கொன்றார் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். நானும் அதை நம்பியிருப்பேன்.