முதலில் விளக்கு

எங்கள் அண்ணன் போய் ஒரு வருடமாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளில் பாதிப் பேருக்கு அவர் என்ன உத்தியோகம் பார்த்தார் என்று இன்னும் தெரியாது. ‘கம்பனியில் பெரிய வேலை’ என்பதோடு முடித்துவிடுவார்கள். தங்கை என்ற உரிமையில் அதை நானே சொல்லிவிடுகிறேன். என்னை வாய்க்காரி என்று அழைத்தவர் அவர்தான். அடக்குவதற்கு இன்று அவர் இல்லை.

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், காம்பரா என்கிற ஒற்றை அறையில் பிறந்தவர் அண்ணன். அம்மா கொழுந்தெடுத்தார். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போட்டு, நெஞ்சு கெட்டு, நாங்கள் வளரும் முன்பே போய்விட்டார். அண்ணன் ஹட்டனில் ஒரு கடையில் வேலைக்கு நின்றுகொண்டே படித்தார். தோட்டத்து ஆபிஸில் கிளாக்கராகச் சேர்ந்து, படிப்படியாகக் கம்பனியின் தலைமை ஆபிஸுக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்தது வணிகத் தொடர்ச்சித் திட்டமிடல் என்ற பிரிவு.

அது என்ன வேலை என்று அம்மா கேட்டார். மழையில் ரோடு அடைத்துக்கொண்டாலும், கரண்ட் போனாலும், தொழிற்சாலை நிற்காமல் ஓட முன்கூட்டியே வழி பார்த்து வைக்கிற வேலை என்று அண்ணன் விளக்கினார்.

“தொழிற்சாலைக்கு நீ பாக்குற. லயத்துல இருக்கிறவங்களுக்கு யாருப்பா பாக்குறது?” என்றார் அம்மா.

அதற்குப் பிறகுதான் அண்ணன் நுவரெலியாவில் அரசாங்க ஆபிஸ்களுக்கு அலையத் தொடங்கினார். அரச அதிகாரிகளையும் கம்பனிக்காரர்களையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதற்குள் அவருக்குத் தலை நரைத்துவிட்டது. லயத்து வீடுகள் அரசாங்கத்தின் பொறுப்பு என்பார் ஒருவர். காணி கம்பனியுடையது என்பார் அடுத்தவர். இழுபறிக்கு நடுவே அண்ணன் ஒரு காரியத்தைச் சாதித்தார். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் தேயிலை ஏற்றும் லொறி முதலில் லயத்துக்கு வரும். ஆட்கள் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். அரிசியும் பருப்பும் கம்பனி ஸ்டோரிலிருந்து வரும். ஒத்திகை பார்த்தபோது எல்லாம் சரியாக நடந்தது. அன்று அவர் முகத்தில் இருந்த சிரிப்பை நான் மறக்கவில்லை.

அடுத்த பெருமழையில் அந்தச் சிரிப்பு போயிற்று.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சாவு வீடு. இறந்தவரைக் கிடத்திய இடத்தில் ஏற்றிய விளக்கு கருமாதிவரை அணையக் கூடாது. அதைத் தனியே விட்டுப் படியிறங்கவும் கூடாது. எங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. லொறி வந்தது, எல்லோரும் ஏறினார்கள். அந்த வீட்டுத் தாயும் மகனும் மட்டும், விளக்கை விட்டு எப்படி வருவது என்று நின்றுவிட்டார்கள். கெஞ்சிப் பார்த்துவிட்டு லொறி போய்விட்டது. பிற்பகலில் மண்மேடு சரிந்தது.

அண்ணன் ஓடி வந்து வெறுங்கையால் மண்ணைத் தோண்டினார். இரண்டு பேரும் உயிரோடு கிடைக்கவில்லை.

“ஜெனரேட்டருக்கு எவ்வளவு எண்ணெய் வேணும்னெல்லாம் எழுதுனேன். ஒரு வெளக்குக்கு எடம் எழுதலயே. நானும் லயத்துல பொறந்தவன்தானே, எனக்குத் தெரியாதா?” என்றார் என்னிடம். அதற்குப் பிறகு அவர் நிம்மதியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. அண்ணிக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும்.

லொறிக்கு லொறி ஒரு கண்ணாடி லாந்தர், பள்ளிக்கூடத்தில் விளக்கு வைக்க ஒரு வகுப்பறை என்று திட்டத்தைத் திருத்தி எழுதினார். சுடரை லாந்தரில் ஏற்றிக் கொண்டுபோனால் குற்றமில்லை என்று கோயில் பூசாரியைக்கொண்டு எல்லாத் தோட்டங்களிலும் சொல்ல வைத்தார். அதிகாரிகள் கூட்டத்தில் யாரோ சிரித்தார்களாம். அண்ணன் பொறுத்துக்கொண்டார். நானாக இருந்தால் அவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

சென்ற வருடம் நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோனது. எத்தனை முறை கெஞ்சியும் அம்மா லயத்தை விட்டு வராததால், அண்ணனை அங்கேதான் கொண்டுவந்து கிடத்தினோம். அடக்கம் முடிந்து, கருமாதிக்கு முன்பே வானம் இடிந்து விழுந்ததுபோல மழை. எச்சரிக்கை வந்தது, லொறி வந்தது. அம்மா விளக்கின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

“எம்புள்ளயத் தனியா விட்டுட்டு நான் வரமாட்டேன். நீங்க போங்க.”

அண்ணி அழுதார். வாய்க்காரி நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். சுவர் ஓரமாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

அப்போது லொறி சாரதி சுனில், கினிகத்தேனை ஊர்ச் சிங்களவர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு லாந்தரோடு உள்ளே வந்தார். தெரிந்த தமிழில் சொன்னார்: “அம்மா, சார் சொன்னதுதான். மொதல்ல வெளக்கு ஏறணும். அப்புறம்தான் ஆளுங்க.”

அம்மா அவரையும் லாந்தரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தன் கையாலேயே சுடரை மாற்றினார். லொறியின் முன்சீட்டில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று மாலையே எங்கள் லயம் மண்ணுக்குள் போய்விட்டது. கருமாதியை வகுப்பறையில் செய்தோம்.

வீடு கட்டிக்கொள்ளக் காணி இன்னும் கிடைக்கவில்லை. மேசையின் இரண்டு பக்கத்திலும் அதே பேச்சுதான் நடக்கிறது. நடுவில் உட்காரத்தான் ஆள் இல்லை. இப்போது நாங்கள் இருக்கும் தற்காலிகக் கொட்டிலின் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்.

வகுப்பறையைத் திறந்துவிட்ட பள்ளிக்கூட அதிபருக்கும், மழையில் நனைந்து வந்து படையல் போட்டுத் தந்த பூசாரிக்கும், தங்கள் பங்குச் சோற்றைப் பகிர்ந்த லயத்து உறவுகளுக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த சுனிலுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அன்று அந்த லயத்தில் நாங்கள் ஒருவரையும் விட்டு வரவில்லை. அண்ணனையும் விட்டு வரவில்லை.